வானம்பாடியில் நாட்டுப்பாடல் எங்கே இருக்கிறது?

பிரிட்டனின் கிளாசிக் எஃப்எம் வானொலி ஒவ்வோர் ஈஸ்டர் விடுமுறையிலும் நேயர்களுக்குப் பிடித்த படைப்புகளின் வரிசையை வெளியிடுகிறது. ஆங்கில இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸின் ‘தி லார்க் அசெண்டிங்’ (மேலேறும் வானம்பாடி) அதில் பலமுறை முதலிடம் பிடித்திருக்கிறது. (எழுத்தில் ‘ரால்ஃப்’ என்றாலும் ‘ரேஃப்’ என்று அழைக்கப்படுவதையே அவர் விரும்பினார்.) அது முதலிடம் பிடிக்கும்போதெல்லாம் ‘ஆங்கில நாட்டுப்பாடலில் பிறந்த இசை’ என்ற அறிமுகமும் கூடவே வந்துவிடும். ஆனால் அந்தப் படைப்பில் எந்த நாட்டுப்பாடலும் எடுத்தாளப்படவில்லை. இன்னொரு ‘அசல் ஆங்கில’ இசையாகக் கருதப்படும் ஆங்கில இசையமைப்பாளர் டீலியஸின் ‘ஆன் ஹியரிங் தி ஃபர்ஸ்ட் கக்கூ இன் ஸ்பிரிங்’ (1912) என்ற குயில் படைப்பில் ஒரு நாட்டுப்பாடல் உண்டு. அது நார்வே நாட்டுப் பாட்டு. டீலியஸ் அதை எழுதியபோது குடியிருந்ததோ பிரான்ஸின் கிரே சூர் லுவாங் கிராமத்தில்.

அப்படியானால் ‘நாட்டுப்பாடலும் நிலக்காட்சியும் தந்த ஆங்கில இசை’ என்று சொல்வதற்கு என்னதான் பொருள்? ‘எந்தப் பாட்டு?’ என்று தேடுவதைவிட ‘எந்தச் சுரம்?’ என்று தேடினால் விடை சீக்கிரம் கிடைக்கும். மெட்டுகளோடு சேர்த்து ஒரு சுர ஒழுங்கும் இந்த இசையமைப்பாளர்கள் கைக்கு வந்தது. ஆர்க்கெஸ்ட்ராவின் ஹார்மனியை (பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் அமைப்பை) முன்னே தள்ளிக்கொண்டிருந்த விசையை அது பிடுங்கிவிட்டது. அவசரமில்லாமல் நிற்கும் ஹார்மனியைத்தான் நம் காது ‘வயல், குன்று, மூடுபனி’ என்று எடுத்துக்கொள்கிறது.

முதலில் சில சொற்கள்

1. நாட்டுப்பாடல்: அன்றைய சேகரிப்பாளர்கள் இதற்கு மிகக் குறுகிய பொருள் வைத்திருந்தார்கள். கிராமத்து முதியவர்கள் ஏட்டில் இல்லாமல் வாய்வழியாகக் கற்றுப் பாடியது மட்டுமே கணக்கு. அதே முதியவர் நகரத்துக் கேளிக்கை அரங்குகளின் மியூசிக் ஹால் பாட்டு ஒன்றைப் பாடினால் பென்சில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

2. மோட்: ஏழு சுரங்களை அடுக்கும் முறை. ஒரே ஏழு சுரங்களை வெவ்வேறு சுரத்தில் தொடங்கினால் வெவ்வேறு மோட் கிடைக்கும். நம் கிரகபேதத்தின் அடிப்படைக் கணக்கும் இதுதான்.

3. ராப்சடி: சில மெட்டுகளைத் தளர்வாகக் கோத்து எழுதும் ஒற்றைப் பகுதிப் படைப்பு. சிம்பொனியின் கட்டுக்கோப்பு இதற்குத் தேவையில்லை.

பென்சிலும் மெழுகு உருளையும்

1898இல் நாட்டுப்பாடல் சங்கம் லண்டனில் தொடங்கப்பட்டது. 1903 செப்டம்பரில் சாமர்செட்டின் ஹாம்பிரிட்ஜ் கிராமத்தில் ஜான் இங்கிலாந்து என்ற தோட்டக்காரர் பாடிய பாட்டை செசில் ஷார்ப் குறித்துக்கொண்டார். தன் வாழ்நாளில் அவர் சேர்த்தவை ஐயாயிரத்தை நெருங்கும். அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று எசெக்ஸின் இங்க்ரேவ் கிராமத்தில் சார்லஸ் போட்டிஃபர் என்ற முதிய உழைப்பாளி பாடிய ‘புஷஸ் அண்ட் பிரையர்ஸ்’ வான் வில்லியம்ஸைப் பிடித்துக்கொண்டது. அவரும் 800க்கு மேல் சேர்த்தார்.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருந்தது. 1901 கணக்கெடுப்பில் இங்கிலாந்து மக்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நகரவாசிகள். 1870களில் தொடங்கிய வேளாண் நெருக்கடி கிராமங்களைக் காலி செய்திருந்தது. பாட்டுத் தெரிந்தவர்கள் பலரும் அறுபது, எழுபதைத் தாண்டியவர்கள். இசைக் கல்லூரிகளிலோ ஜெர்மானியப் பாணிதான் பாடம். வான் வில்லியம்ஸ்கூட 1897இல் பெர்லின் போய் மாக்ஸ் புரூக்கிடம் படித்துவிட்டு வந்தவர். ஜெர்மானியர்கள் இங்கிலாந்துக்கு ‘இசையில்லாத நாடு’ என்று பட்டம் கொடுத்திருந்தது இவர்களை உறுத்திக்கொண்டே இருந்தது.

எப்படிக் குறித்தார்கள் என்பதும் முக்கியம். ஷார்ப் போன்றவர்கள் காதால் கேட்டு பென்சிலால் எழுதினார்கள். ஒரு பாடகர் பத்து சரணங்களைப் பத்து விதமாகப் பாடினாலும் ஏட்டில் பெரும்பாலும் ஒரு மெட்டுதான் ஏறும். தாளம் நேர்த்தியாகச் சமன் செய்யப்படும். ஆஸ்திரேலியாவில் பிறந்த பெர்சி கிரெய்ஞ்சருக்கு அதில் திருப்தியில்லை. 1906இல் அவர் எடிசன் பெல் ஃபோனோகிராஃபை லிங்கன்ஷருக்குத் தூக்கிச் சென்று மெழுகு உருளையில் பதிவு செய்தார். பிறகு உருளையை மெதுவாகச் சுழலவிட்டு, ஒவ்வொரு சரணத்திலும் பாடகர் எங்கே இழுத்தார், எங்கே ஒரு சுரத்தைச் சற்றே தாழ்த்தினார் என்று தனித்தனியாக எழுதினார். ஒரு பாட்டுக்குள்ளேயே தாளம் மாறிக்கொண்டிருப்பது அப்போதுதான் தாளில் தெரிந்தது.

ஆக, ஆர்க்கெஸ்ட்ராவின் கைக்கு வந்தது பெரும்பாலும் சீவிச் செதுக்கிய மெட்டு. சொற்கள் போய்விட்டன. பாடியவரின் குரல் நடுக்கமும் போய்விட்டது.

நிஷாதம் மாறினால் என்ன ஆகும்?

கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இந்தப் பகுதி எளிது. ஜெர்மானிய மரபு ஆர்க்கெஸ்ட்ரா இசை இரண்டே அடுக்குகளில் பெரும்பாலும் இயங்கியது: மேஜர், அதாவது சங்கராபரணத்தின் சுரங்கள், ஹார்மனிக் மைனர், அதாவது கீரவாணியின் சுரங்கள். இரண்டிலும் இருப்பது காகலி நிஷாதம். மேல் ஷட்ஜத்துக்கு அரைச்சுரம் கீழே நின்று, ‘அடுத்து ஷட்ஜம் வந்தே ஆக வேண்டும்’ என்று காதை நச்சரிக்கும் சுரம் அது. பஞ்சமத்தின் மேல் கட்டும் ப–நி–ரி என்ற கார்டு (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டு) இந்த நிஷாதத்தின் பலத்தில்தான் ஆதார ஷட்ஜத்தின் கார்டுக்குப் பாய்கிறது. மொஸார்ட்டும் பீத்தோவனும் எழுப்பிய மாளிகைகள் இந்தப் பாய்ச்சலை அஸ்திவாரமாகக் கொண்டவை.

இப்போது சேகரிப்பாளர்கள் மயங்கிய மூன்று மோடுகளைப் பாருங்கள்:

1. டோரியன்: கரகரப்பிரியாவின் சுரங்கள். ‘புஷஸ் அண்ட் பிரையர்ஸ்’, ‘பிரிக் ஃபேர்’ இந்த வகை.
2. மிக்ஸோலிடியன்: ஹரிகாம்போதியின் சுரங்கள்.
3. ஏயோலியன்: நடபைரவியின் சுரங்கள்.

மூன்றிலும் கைசிகி நிஷாதம்தான். ஷட்ஜத்துக்கும் அதற்கும் ஒரு முழுச்சுர இடைவெளி இருப்பதால் நச்சரிப்பு இல்லை. ப–நி–ரி கார்டும் மைனராகிவிடுகிறது, பாய்ச்சலுக்கு வலுவில்லை. (கமகம் இல்லாததால் ‘பிரிக் ஃபேர்’ கேட்பவருக்குக் கரகரப்பிரியா நினைவுக்கு வரப்போவதில்லை. அடுக்கு மட்டும்தான் ஒன்று, ராகம் வேறு.)

இங்கேதான் ஆரம்பகாலத் தவறு நடந்தது. டோரியன் மெட்டுக்கு ஹார்மனி எழுதும்போது பழக்க தோஷத்தில் நிஷாதத்தை அரைச்சுரம் உயர்த்திக் காகலியாக்கிவிடுவார்கள். மெட்டு ஒரு பக்கம் கைசிகி பாட, துணை வாத்தியம் காகலி வாசிக்க, பாட்டு உடனே வரவேற்பறைப் பாட்டாக மாறிவிடும். அதைத் தவிர்க்க இவர்கள் கண்ட வழிகள் எளியவை. ஒரு சுரத்தைச் சுருதிபோல் கீழே நீட்டிப் பிடித்து வைப்பது. கார்டுகளை வடிவம் மாறாமல் பக்கவாட்டில் நகர்த்துவது. டோரியனில் மைனர் ஆதாரக் கார்டுக்குப் பக்கத்தில் ம–த–ஸ என்ற மேஜர் கார்டை வைப்பது. சதுசுருதி தைவதம் இருப்பதால் அது கிடைக்கிறது. ஒரு துக்கக் கார்டும் ஒரு வெளிச்சக் கார்டும் மாறி மாறி வரும் அந்த ஒலிதான் பலர் ‘இங்கிலாந்து’ என்று அடையாளம் காணும் ஒலி.

கார்டுகளைப் பக்கவாட்டில் நகர்த்தும் வித்தையில் பாதி பாரிஸ் சரக்கு. வான் வில்லியம்ஸ் 1907–08 குளிர்காலத்தில் மூன்று மாதம் பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேலிடம் போய்ப் படித்தார். தேசிய இசை என்று கொண்டாடப்படுவதன் உள்ளே எவ்வளவு பிரான்ஸ் இருக்கிறது என்பதைத் தேசியவாதிகள் அதிகம் பேசுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஷார்ப் 1907இல் எழுதிய கணக்கின்படி, ஆங்கில நாட்டுப்பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சாதாரண மேஜர் மெட்டுகள். மீதியுள்ள ஒரு பங்கில்தான் மேலே சொன்ன மூன்று மோடுகளும் அடக்கம். இசையமைப்பாளர்கள் அந்தச் சிறுபான்மையின் மீதே அதிகம் காதல் கொண்டார்கள். அதனால், ஆர்க்கெஸ்ட்ராவில் நாம் கேட்கும் கிராமம், கிராமத்தில் உண்மையில் பாடப்பட்டதைவிடச் சோகமானது.

பாட்டு முடிந்துவிட்டது, இனி?

அடுத்த சிக்கல் வடிவம். சிம்பொனிக்கு ஏற்ற கருப்பொருள் சிறு துண்டாக இருக்கும்; உடைக்கலாம், தலைகீழாக்கலாம், வளர்க்கலாம். நாட்டுப்பாடலோ நான்கு வரியில் தன்னளவில் முழுமை பெற்றுவிட்ட பொருள். ஒருமுறை வாசித்த பிறகு அதையே இன்னும் சத்தமாக வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று இசையமைப்பாளரும் விமர்சகருமான கான்ஸ்டன்ட் லாம்பர்ட் 1934இல் கேலி செய்தார். கேலியில் நியாயம் இருக்கிறது. பல ராப்சடிகள் அந்தக் குழியில்தான் விழுந்தன. விழாமல் தப்பியவர்கள் வெவ்வேறு வழி கண்டார்கள்.

1. மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஹார்மனியை மாற்றுவது. டீலியஸின் ‘பிரிக் ஃபேர்’ (1907) இதற்கு உச்சம். கிரெய்ஞ்சர் 1905 ஏப்ரலில் லிங்கன்ஷரின் பிரிக் ஊரில் ஜோசப் டெய்லர் என்ற, எழுபதைக் கடந்த பண்ணை மேற்பார்வையாளரிடம் கேட்ட மெட்டு அது. டெய்லருக்கு நினைவில் இருந்தவை இரண்டு சரணங்கள்தான். மீதியை வேறு பாட்டுகளிலிருந்து எடுத்து கிரெய்ஞ்சர் கோரஸுக்கு அமைத்தார். அதை டீலியஸ் வாங்கி ஆறு ஹார்ன், மூன்று ட்ரம்பெட், மூன்று டிராம்போன், டியூபா, குழாய் மணிகள் கொண்ட பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாறுபாடுகளாக எழுதினார். புல்லாங்குழலும் ஹார்ப்பும் காலைப்பனிபோல முன்னுரை சொல்ல, ஓபோ மெட்டைத் தொடங்குகிறது. அதன்பின் மெட்டு கிட்டத்தட்ட அப்படியே இருக்க, அடியில் ஹார்மனி ஒவ்வொரு முறையும் வேறு நிறம் காட்டுகிறது. நடுவில் ஓரிடத்தில் பாட்டையே ஒதுக்கிவைத்துவிட்டு வயலின்கள் வேறொரு மெதுவான இசைக்குப் போகின்றன. மெட்டு திரும்பும்போது காதுக்குப் புதிதாக இருப்பது அதனால்தான்.

2. பாட்டுகளைக் கதையாக்குவது. குஸ்தாவ் ஹோல்ஸ்டின் ‘எ சாமர்செட் ராப்சடி’ (1906–07) ஷார்ப் கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்டது. ஆட்டு ரோமம் கத்தரிப்போர் பாட்டு, போருக்குப் போகும் சிப்பாய்ப் பாட்டு, காதலன் விடைபெறும் பாட்டு என்று அடுத்தடுத்தும் சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகவும் வருகின்றன. அணிவகுப்பு வந்து, பெருகி, கடந்துபோகிறது. கடைசியில் வயல்தான் மிஞ்சுகிறது.

3. குறைவாகச் சொல்லி நிறுத்திக்கொள்வது. ஜார்ஜ் பட்டர்வொர்த்தின் ‘தி பேங்க்ஸ் ஆஃப் கிரீன் வில்லோ’ (1913) ஆறு நிமிடத்துக்குச் சற்று அதிகம். மெட்டு சலிக்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

ஒரு பாட்டை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். 1905 ஜனவரியில் நார்ஃபக்கின் கிங்ஸ் லின் துறைமுகத்தில் ஜேம்ஸ் கார்ட்டர் என்ற மீனவர் வான் வில்லியம்ஸுக்குப் பாடிக்காட்டியது ‘தி கேப்டன்ஸ் அப்ரென்டிஸ்’. ஏழைகள் விடுதியிலிருந்து (வொர்க்ஹவுஸ்) கப்பல் வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுவனை, கேப்டன் பாய்மரத்தில் கட்டிவைத்து வதைத்துக் கொன்ற கதை. கொன்றவனே வாக்குமூலமாகச் சொல்வதுபோன்ற பாட்டு. அடுத்த ஆண்டு லண்டன் குவீன்ஸ் ஹாலில் ஹென்றி வுட் நடத்திய ‘நார்ஃபக் ராப்சடி எண் 1’இல் இந்த மெட்டு வந்தது. ஒலியடக்கி பொருத்திய வயலின்கள் உயரத்தில் மெல்லிய பரப்பாக நிற்க, ஒற்றை வயோலா தாளக் கட்டுக்குள் அடங்காமல் மெட்டைப் பேசுவதுபோல் வாசிக்கிறது. கேட்பவர் கண்ணில் விரிவது சதுப்புநிலமும் சாம்பல் வானமும். சொல் இல்லாததால் சிறுவன் கண்ணில் படுவதில்லை. பட்டர்வொர்த்தின் ‘பச்சை வில்லோ’ மெட்டின் அசல் பாட்டிலும் குழந்தை பெற்ற பெண்ணைக் கடலில் எறிகிறார்கள். இவற்றை ‘இனிய கிராமிய இசை’ என்று தொகுப்புகளில் விற்பது கொஞ்சம் விபரீதமான வியாபாரம்.

மேற்கோள் இல்லாத நாட்டுப்பாடல்

மெட்டைக் கடன் வாங்குவதை விட்டுச் சுர ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொண்டபோது இரண்டு முக்கியமான படைப்புகள் கிடைத்தன.

முதலாவது, 1910 செப்டம்பர் 6 அன்று குளோஸ்டர் கதீட்ரலில் அரங்கேறிய வான் வில்லியம்ஸின் தாலிஸ் ஃபேன்டஸியா. மெட்டு நாட்டுப்பாடல் இல்லை. தாமஸ் தாலிஸ் 1567இல் விவிலியச் சங்கீதங்களின் (சாம்) நூல் ஒன்றுக்கு எழுதிய ஃபிரிஜியன் மோட் மெட்டு, அதாவது ஹனுமத்தோடியின் சுரங்கள். தந்தி வாத்தியங்கள் மூன்று குழுக்களாகப் பிரிகின்றன: பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, ஒன்பதே பேர் கொண்ட இரண்டாம் ஆர்க்கெஸ்ட்ரா (முதல் வயலின் 2, இரண்டாம் வயலின் 2, வயோலா 2, செல்லோ 2, டபுள் பாஸ் 1), பிறகு ஒரு நால்வர் அணி. இரண்டாம் குழுவை முடிந்தால் விலக்கி உட்கார வைக்கச் சொல்கிறது ஸ்கோர் (இசைப் பிரதி). கச்சேரிகளில் பெரும்பாலும் கெடுவது இதுதான். எதிரொலி குறைந்த அரங்கில், இடமில்லை என்று அந்த ஒன்பது பேரைப் பெரிய குழுவின் பின்வரிசையில் ஒட்ட வைத்தால், தூரத்துப் பதிலாகக் கேட்க வேண்டியது வெறும் சத்தக் குறைவாகிவிடுகிறது. பால்கனியிலோ மேடையின் மறுகோடியிலோ வைத்தால்தான் இசைக்குள் ‘தூரம்’ பிறக்கும்.

இரண்டாவது, நாம் தொடங்கிய வானம்பாடி. 1914இல் எழுதப்பட்டு, முதல் உலகப் போர் முடிந்தபின் திருத்தப்பட்டு, 1920 டிசம்பரில் வயலின் கலைஞர் மேரி ஹால் பியானோ துணையோடு முதலில் வாசித்தார். 1921 ஜூன் 14 அன்று ஏட்ரியன் போல்ட் நடத்த ஆர்க்கெஸ்ட்ராவுடன். தொடக்கத்தில் ஆர்க்கெஸ்ட்ரா ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, தனி வயலின் தாளத்தைப் பிரிக்கும் பார் கோடே இல்லாத வெளியில் ஏறுகிறது. ஐந்து சுர அடுக்கு. மோகனம்போல அரைச்சுர இடைவெளி ஒன்றுகூடக் கிடையாது. அதனால் எது ஆதாரம் என்று காது தீர்மானிக்க முடியாமல் மிதக்கிறது. நடுப்பகுதியில் வரும் கிராமிய நடன மெட்டு ‘எங்கோ கேட்டது’ போலிருக்கும். அது வான் வில்லியம்ஸே இட்டுக்கட்டியது.

வாசிப்பில் வழக்கமாகக் கெடுபவை இரண்டு. தனி வயலின் கலைஞர் முதல் ஏற்றத்தைத் திறமை காட்டும் இடமாக நினைத்து வேகமெடுத்தால், பறவை போய் விரல் பயிற்சி மிஞ்சும். இன்னொன்று, பின்னால் பிடித்த கார்டில் தந்திக் கலைஞர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வில்லைத் திருப்பினால் மெல்லிய வெட்டு கேட்கும். ஆளுக்கொரு நேரத்தில் திருப்ப வேண்டும். முடிவில் ஆர்க்கெஸ்ட்ரா ஓய்ந்து வயலின் மட்டும் தனியே மேலேறிக் கரைகிறது. ஷட்ஜத்தில் வந்து இறங்கும் ‘முடிந்தது’ என்ற முத்திரை அங்கே வருவதில்லை.

புல்வெளியும் போர்க்களமும்

1914 டிசம்பர் கடைசி நாளில், 42 வயதில், வான் வில்லியம்ஸ் ராணுவ மருத்துவப் பிரிவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். 1916இல் வடக்கு பிரான்ஸின் எக்வாவரில் இரவுதோறும் ஆம்புலன்ஸ் வண்டியோடு போய்க் காயம்பட்டவர்களைக் கொண்டுவரும் வேலை. பட்டர்வொர்த் 1916 ஆகஸ்ட் 5 அன்று சோம் போரில் போஸியேர் அருகே சுடப்பட்டு இறந்தார். வயது 31, உடல் கிடைக்கவில்லை. போருக்குப் போகும் முன் தன் கைப்பிரதிகள் பலவற்றை அவரே அழித்திருந்தார்.

இந்தப் பின்னணி தெரியாமல் 1922 ஜனவரி 26 அன்று அரங்கேறிய வான் வில்லியம்ஸின் ‘எ பாஸ்டரல் சிம்பொனி’யைக் (மேய்ச்சல் நிலச் சிம்பொனி) கேட்டவர்கள், குளோஸ்டர்ஷர் ஆட்டுக்குட்டிகளைக் கற்பனை செய்துகொண்டார்கள். வேலிக்கு மேல் எட்டிப்பார்க்கும் மாட்டை நினைவூட்டுவதாகக் கிண்டலும் வந்தது. 1950களில் இசையமைப்பாளர் எலிசபெத் லட்யன்ஸ் இந்த மரபு முழுவதற்கும் ‘மாட்டுச் சாணப் பள்ளி’ என்று பெயர் வைத்தார், அது ஒட்டிக்கொண்டது. அந்த சிம்பொனி தன் ஆம்புலன்ஸ் நாட்களில் எக்வாவரில் கருக்கொண்டது, துள்ளும் ஆட்டுக்குட்டிகள் அல்ல என்று இசையமைப்பாளரே பின்னர் கடிதத்தில் எழுதினார்.

இரண்டாம் பகுதியில் அதற்கான தடயம் இருக்கிறது. முகாமில் ஒரு ஊதுகொம்புக்காரர் பயிற்சி செய்யும்போது எட்டாம் சுரத்துக்குக் குறிவைத்து ஏழாம் சுரத்தில் போய் விழுவாராம். அந்தப் பிழையை அப்படியே எடுத்து, ஈ ஃபிளாட் ட்ரம்பெட்டுக்குத் தனி வாசிப்பாக எழுதினார். வால்வு தொடக்கூடாது, குழாயின் இயற்கைச் சுரங்களை மட்டுமே ஊத வேண்டும் என்பது நிபந்தனை. காரணம் கணக்கில் இருக்கிறது: இயற்கையான ஏழாம் ஹார்மானிக் (குழாயில் தானாக எழும் மேற்சுரம்), பியானோவின் அதே சுரத்தைவிட சுமார் 31 சென்ட் தாழ்வு, ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கலைஞர் பயந்து வால்வு அழுத்திச் ‘சரியாக’ ஊதினால் சுருதி சேரும், ஆனால் அந்தச் சிப்பாய் காணாமல் போய்விடுவார். நல்ல ஒலிப்பதிவா என்று சோதிக்க இந்த ஓரிடம் போதும்: ட்ரம்பெட் லேசாகச் சுருதி விலகியதுபோல் கேட்க வேண்டும். பகுதியின் முடிவில் அதே வரியை ஹார்ன், அதேபோல் வால்வு இல்லாமல், வாங்கிச் சொல்கிறது.

நான்காம் பகுதி டிரம்மின் மெல்லிய உருட்டலுக்கு மேல் சொற்களற்ற ஒரு சோப்ரானோ குரலோடு தொடங்குகிறது. பாடுவது ஐந்து சுர அடுக்கு. பாட்டின் சாயல் உண்டு, எந்த ஊர்ப் பாட்டும் இல்லை. கடைசியில் வயலின்கள் உச்சத்தில் ஒற்றைச் சுரத்தைப் பிடித்திருக்க, அந்தக் குரல் திரும்ப வருகிறது. தூரத்திலிருந்து கேட்க வேண்டும் என்பதால் பாடகரைப் பெரும்பாலும் மேடைக்கு வெளியே, கதவைச் சற்றே திறந்துவைத்து நிறுத்துவார்கள்.